மூன்றாவது காம்பரா

"அப்ப நாங்க செத்தவங்களா, இல்ல சீக்குப் புடிச்சவங்களா? அத மொதல்ல சொல்லுங்க தம்பி."

"ரெண்டும் இல்லக்கா. செத்தவங்கன்னா நடக்க மாட்டாங்க. சீக்குன்னா மருந்து இருக்கும்."

"அப்ப என்னா எழவுதான் அது?"

படத்தில் நடிக்க வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். கேட்டவள் ராசம்மா. எந்த இடத்திலும் முதல் ஆளாக வாயைத் திறப்பவள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் அவள் பேசி முடிக்கும்வரை கங்காணியே பேர் கூப்பிடாமல் காத்திருப்பார் என்று அந்தத் தேயிலைத் தோட்டத்தில் சொல்வார்கள். பதில் சொல்லிக்கொண்டிருந்தவன் நிரஞ்சன். கொட்டகலைப் பக்கத்துப் பையன். கொழும்பில் ஒரு படப்பிடிப்புக் கம்பெனியில் வேலை. வெளிநாட்டு டைரக்டர் இங்கிலீசில் சொல்வதைச் சிங்களக்காரர்களுக்குச் சிங்களத்திலும் தோட்டத்து ஆட்களுக்குத் தமிழிலும் சொல்ல அவனைக் கூட்டி வந்திருந்தார்கள். கழுத்தில் தொங்கிய வோக்கி டோக்கி அவ்வப்போது இருமியது. அதை ஒரு கையால் பொத்திக்கொண்டு அவன் மறுபடி முதலிலிருந்து தொடங்கினான்.

கதை இதுதான். ஒரு நாள் உலகம் முழுக்கச் சாம்பல் மழை பெய்கிறது. அந்தச் சாம்பலை மூச்சில் இழுத்தவர்களுக்கு எல்லாம் மறந்துபோகிறது. பேர் மறந்துபோகும், பெற்ற பிள்ளை மறந்துபோகும், பசி கூட மறந்துபோகும். ஒன்று மட்டும் மறக்காது. வீடு. எந்த ஊரில் எந்த மூலையில் இருந்தாலும் நடந்தே வந்து தன் வீட்டு வாசலில், கதவைப் பார்த்தபடி நிற்பார்கள். உள்ளே போக மாட்டார்கள். வெயிலிலும் மழையிலும் அப்படியே நின்று, நின்றபடியே காய்ந்து போவார்கள். அவர்களைத் தொட்டவருக்கும் அது ஒட்டிக்கொள்ளும். முதலில் இது கம்ப்யூட்டரில் விளையாடும் ஒரு கேமாக வந்தது. கொழும்பில் போர்டிங் அறையில் இருந்தபோது நிரஞ்சனும் விளையாடியிருக்கிறான். யார் மேலும் படாமல் ஒரு தெருவைக் கடந்து போக வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. அந்தத் தெருவைத் தாண்ட முடியாமல் எத்தனையோ முறை தோற்றிருக்கிறான். பிறகு அதையே டீவித் தொடராக எடுத்தார்கள். உலகமெங்கும் ஓடியது. இப்போது இரண்டாம் பாகம். அதில் ஒரு துண்டுக்கு இடிந்துபோன மலைக்கிராமம் வேண்டியிருந்தது. யாரோ மேலிருந்து பிடித்துப் போட்ட, மண்சரிவில் பாதி புதைந்த இந்த லயத்து வரிசை வீடுகளின் படத்தை இணையத்தில் பார்த்துவிட்டு, இதைவிட நன்றாக நம்மால் கட்ட முடியாது என்று டைரக்டர் சொன்னாராம். அதை ஒரு பாராட்டைப் போல நிரஞ்சன் சொன்னான். சொன்ன பிறகுதான் எதிரில் நிற்பவர்களின் முகங்களைப் பார்த்தான்.

ராசம்மாதான் அவனைக் காப்பாற்றினாள். "வாசல் வரைக்கும் வந்துட்டு உள்ள வராம நிக்கிறதா? எங்க வீட்டு மனுசன் சம்பள நாளைக்கு அப்படித்தான் நிப்பாரு. அதுக்கு எதுக்குத் தம்பி சாம்ப மழ?"

மறுபடி சிரிப்பு. ராசம்மாவுக்குப் பின்னால் நின்ற சுதர்ஷினியும் சிரித்தாள், மற்றவர்களைவிடச் சற்றுப் பிந்தி. அவள் காதில் விழுந்தது ஒரு வரிதான். எங்கிருந்தாலும் நடந்து வந்துவிடுவார்கள்.

சம்பளத்துக்காக அவள் பேர் கொடுக்கவில்லை. மண்சரிவு நடந்த நாளிலிருந்து அந்த லயத்துக்குப் போகும் பாதையைச் சிவப்பு நாடா கட்டி அடைத்துவிட்டார்கள். மேலே இன்னும் வெடிப்பு இருக்கிறது, ஆள் நடமாடக் கூடாது என்று பொறியியலாளர்கள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இத்தனை மாதமாக அவள் எத்தனையோ முறை தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவிடம் கெஞ்சிவிட்டாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வீட்டைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றாள். அவர் மாட்டேன் என்று சொல்வதுகூட இல்லை, பார்ப்போம் என்பார். இப்போது படக் கம்பெனிக்கு எங்கிருந்தோ அனுமதி கிடைத்திருந்தது. மழை இல்லாத பருவத்தில், பகல் வேளையில், கீழ்ப் பக்கத்தில் மட்டும் படம் எடுக்கலாம் என்று. நாடாவை அவிழ்த்துவிட்டார்கள். நாடாவுக்கு அந்தப் பக்கம் போக வேண்டுமானால் சாம்பல் பூசிக்கொள்ள வேண்டும் என்றால், பூசிக்கொள்வது என்று அவள் முடிவு செய்தாள்.

மலை இறங்கிய அன்று அவள் இங்கே இல்லை. கொட்டகலையில் அக்கா மகளுக்குச் சடங்கு. மகள் பிரேமினியைக் கூட்டிக்கொண்டு முதல் நாளே போயிருந்தாள். புருசன் லோஜன் மறுநாள் வருவதாக இருந்தது. மாட்டைப் பார்க்க ஆள் வேண்டும், அதோடு மழையும் விடவில்லை. அன்று பின்னேரம் வாசல் திண்ணையான இஸ்தோப்புத் தரையில் வெடிப்புக் கண்டு லயத்து ஆட்களை எல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார்கள். லோஜனும் அவர்களோடு போனான். அங்கே பிளேன்டீ குடித்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பிறகு அவனைக் காணோம். மாட்டை அவிழ்த்துவிடப் போயிருப்பான் என்று சிலர். மாடு மறுநாள் கீழ்மலையில் மேய்ந்துகொண்டிருந்தது. அவன் அவிழ்த்துவிட்டானா, அதுவே அறுத்துக்கொண்டு ஓடியதா என்று மாட்டைக் கேட்கவா முடியும்?

கொட்டகலையிலிருந்து வரும் பாதை எல்லாம் உடைந்து கிடந்தது. அக்கா வீட்டில் சுதர்ஷினி கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமல் இருந்தாள். இராணுவத்தினர் வந்து தோண்டத் தொடங்கிய அன்று கண்டாக்கு ஐயாதான் அழைத்தார். பின்னால் சிங்களத்தில் சத்தம், மழைச் சத்தம். "ஒன் வீடு எத்தனாவது காம்பரா?" என்று கேட்டார். லயத்து வரிசையில் ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, ஒரே ஒரு அறை. மூணாவது என்றாள். அவர் அதை யாரிடமோ சிங்களத்தில் சொல்வது கேட்டது. மறுநாள் மறுபடி அழைத்தார். மூன்றாவது காம்பராவைத் தரைவரைக்கும் தோண்டிப் பார்த்துவிட்டார்கள், உள்ளே யாரும் இல்லை, காம்பரா காலி என்றார். மற்றக் காம்பராக்களுக்கு ஆள் கணக்குச் சரியாக இருந்ததால் அவற்றைத் தோண்டவில்லை என்றும் சொன்னார்.

காலி. அந்தச் சொல்லைக் கேட்டு அக்கா வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து அவள் வாய்விட்டு அழுதது சந்தோசத்தில். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை மாதம் நடந்திருக்கிறாள். வீட்டில் இல்லையென்றால் வேறெங்கோ இருக்கிறான். வேறெங்கோ இருக்கிறவன் ஒரு நாள் வருவான். மேல் லயத்து வீரய்யா, அன்று இருட்டும் நேரத்தில் தலவாக்கலைப் பாதையில் லோஜனைப் போல ஒரு ஆளைப் பார்த்ததாகச் சொன்னார். போலத்தான், முகத்தைப் பார்க்கவில்லை. அது போதுமாக இருந்தது. லிந்துலையில் அவனுடைய கூட்டாளிகளிடம் போய்க் கேட்டாள். வலப்பனையில் அவனுடைய சித்தப்பா மகன் கடை வைத்திருக்கிறான், அங்கேயும் போனாள். பயத்தில் புத்தி பிசகிப் போய்த் தெருத்தெருவாக அலைகிறவர்களைப் பற்றி யாராவது பேசினால் வேலையை விட்டுவிட்டு நின்று கேட்பாள். மாமியார் வீட்டில் கருமாதி செய்துவிடலாம் என்றார்கள். இவள் எழுந்து போய்விட்டாள். கோயில் பெரியவர்களுக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. அதே மழையில் மற்றத் தோட்டங்களில் உடல் எடுத்தவர்களுக்குத் தப்படித்து, குழி வெட்டி, எல்லாம் முறையாகச் செய்தாயிற்று. உடல் இல்லாதவனுக்கு எந்தக் குழியைச் சுற்றித் தப்படிப்பது?

பிள்ளை மடுவத்தில் தொட்டில்களை எல்லாம் ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு, அங்கேதான் முகத்துக்குச் சாம்பல் பூசினார்கள். வேலைக்குப் போகும்போது தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் இடம். பால்மா வாசனை இன்னும் இருந்தது. கொழும்பிலிருந்து வந்த ஒரு சிங்களப் பெண் மெல்லிய பிரஷால் சுதர்ஷினியின் நெற்றியிலிருந்து ஆரம்பித்தாள். ஈரமாக, குளிர்ச்சியாக, சுண்ணாம்பைப் போல. காய்ந்ததும் முகம் இறுகியது. உதட்டில் வெடிப்புகள் வரைந்தாள். தலைமுடியில் பொடியைத் தட்டினாள். மெதுவாக, பிரியமாகக்கூடச் செய்தாள். கழுத்துக்கு வந்தபோது கை நின்றது. நிரஞ்சனைக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள்.

அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "அக்கா, அந்த... தாலிய மட்டும் கழட்டி வைக்க ஏலுமான்னு கேக்குறாங்க. கிட்டத்துல எடுக்கிறப்ப மின்னுமாம். நான் பத்திரமா வச்சிருக்கேன்."

பாதி சாம்பலும் பாதி முகமுமாக உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்தது நிரஞ்சனை அல்ல, அவளை. இத்தனை மாதமாக அந்தக் கழுத்தைப் பற்றித் தோட்டத்தில் பேசாத வாய் இல்லை. கட்டியிருக்கிறாளே என்று ஒரு பக்கம், கழற்றிவிட்டால் அவனைக் கொன்றதாகிவிடாதா என்று இன்னொரு பக்கம்.

"கழட்ட மாட்டேன்னு சொல்லுங்க தம்பி," என்றாள் சுதர்ஷினி. "சட்டைக்குள்ள போட்டுக்கிறேன்."

போட்டுக்கொண்டாள். அந்தப் பெண் கழுத்திலும் சாம்பலைப் பூசினாள், கயிற்றின் மேலேயே.

நாடா அவிழ்ந்து கிடந்த இடத்தைத் தாண்டியபோது அவளுக்குக் கால் கூசியது. ஒவ்வொரு நாளும் கூடையோடு ஏறி இறங்கிய பாதைதான். ஆனால் பாதை இப்போது பாதி தூரத்தில் நின்றுவிட்டு, அதற்குமேல் மண்ணாக இருந்தது. அவர்கள் இப்போது தங்கியிருக்கும் பழைய தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரின் மேல் தட்டிலிருந்து, ஒரு காலத்தில் கொழுந்து வாட்டிய அந்த நீளமான கூடத்தின் ஜன்னலிலிருந்து, இந்த இடத்தை அவள் தினமும் பார்த்திருக்கிறாள். அங்கிருந்து இது பச்சைச் சேலையில் தீ பட்ட ஓட்டையைப் போலத் தெரியும். மிச்சமாக நின்ற கொஞ்சம் சுவரும், பக்கத்தில் ஒரு குழியும் தெரியும். எது யார் வீடு என்று அத்தனை தூரத்திலிருந்து சொல்ல முடியாது. கிட்டத்தில் வந்தாலும் சொல்ல முடியாமல்தான் இருந்தது. லயத்தின் அந்த முனையில் எல்லாரும் தண்ணீர் பிடித்த பீலிக்கரை இல்லை. பீலிக்கரையில் நின்ற கொய்யா மரம் இல்லை. கக்கூஸ் வரிசை இல்லை. லயத்தில் பாதி மண்ணுக்குள் போயிருந்தது. மீதிப் பாதி கூரையில்லாமல், சேறு காய்ந்த சுவர்களோடு நின்றது. மண்மேட்டின் மேல் காட்டுச்செடி நன்றாக, செழிப்பாக வளர்ந்திருந்தது.

படக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. சுவர்களில் பாசி வைத்திருந்தார்கள். கதவு இருந்த காம்பராக்களின் கதவில் வெள்ளையாக ஒரு வட்டம் போட்டு, குறுக்கே ஒரு கோடு இழுத்திருந்தார்கள். தேடிப் பார்த்தாயிற்று, உள்ளே உயிர் இல்லை என்பதற்கு அந்த உலகத்தில் அதுதான் அடையாளமாம். ராசம்மா ஒரு கதவைத் தொட்டுப் பார்த்து, "நெசமான பாசி மேட்டுல கெடக்கு, இவங்க பொய்ப்பாசி ஒட்டியிருக்காங்க," என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அவள் குரலிலும் அந்தப் பழைய காரம் இல்லை.

ஜெனரேட்டர் லொறி ஏறுவதற்குப் பாதை போட மண் அள்ளும் ஒரு பெக்கோ மெசின் கொண்டுவந்திருந்தார்கள். காலையில் அது வேலையை முடித்துவிட்டு, நீளமான கையை மடக்கிக்கொண்டு ஓரமாக நின்றது. பின்னேரம் அதை ஏற்றிப்போக லொறி வரும் என்று பேசிக்கொண்டார்கள். ஓட்டுபவர் ஹஸ்ஸான், வலப்பனைக்காரர். இருக்கையில் உட்கார்ந்து இடியப்பப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாம்பல் முகங்கள் வரிசையாகப் போவதைப் பார்த்ததும் அவர் கை வாய்க்குப் போகாமல் நடுவில் நின்றது.

கண்டாக்கு ஐயாவும் அங்கே இருந்தார். தோட்டத்தின் பக்கத்திலிருந்து ஒருவர் இருக்க வேண்டும் என்று நிர்வாகம் அனுப்பியிருந்தது. குடையை ஊன்றிக்கொண்டு, கம்பெனிக்காரர்கள் கொடுத்த நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார்.

நிரஞ்சன் ஓட்டமும் நடையுமாக வந்தான். முகம் மலர்ந்திருந்தது. "அக்கா, நான் டைரக்டர்கிட்ட ஒங்களப் பத்திச் சொன்னேன். ஒங்கள ஒங்க வீட்டு வாசல்லயே நிப்பாட்டச் சொல்லிட்டாரு. அதான் உண்மையா இருக்குமாம். இந்தா, இதுதானே? கண்டாக்கு ஐயா காட்டினாரு."

பாதையோரமாக நின்ற சுவர்களுக்கு நடுவே ஒரு குழி. சுற்றிலும் தோண்டிப் போட்ட மண் குவிந்து இறுகியிருந்தது. குழிக்குள் ஒரு அறையின் தரை, மூன்று பக்கமும் இடுப்பளவு சுவர், பின்சுவர் மட்டும் ஆளுயரம். சுதர்ஷினி இறங்கினாள். இதற்காகத்தான் வந்தாள். இந்தத் தரையில் நிற்க வேண்டும், காலி என்று கண்ணால் பார்க்க வேண்டும், பிறகு யார் என்ன சொன்னாலும் கவலையில்லை. தரையில் தேங்கிய தண்ணீரில் வானம் வெளிறித் தெரிந்தது. உண்மையிலேயே காலியாகத்தான் இருந்தது. ஒரு மூலையில் நசுங்கிய அலுமினியக் கிண்ணம் ஒன்று, அவ்வளவுதான். மனசு லேசாகியது. திரும்பிப் பின்சுவரைப் பார்த்தாள்.

சுவரில் ஒரு மாடம் இருந்தது. சிமெண்ட்டால் வளைவாகப் பூசி, உள்ளே நீல வண்ணம் அடித்த மாடம். அடியில் மெழுகுவர்த்தி உருகி வழிந்த வெள்ளைத் தடங்கள்.

அவள் வீட்டில் அப்படி ஒரு மாடம் இல்லை. அவள் வீட்டில் சாமிப்படங்கள் பலகையில் இருந்தன. லயத்தில் மாதா மாடம் வைத்திருந்தது ஒரே ஒரு வீடு. பிலோமினா அக்கா வீடு. அக்கா குடும்பத்தோடு கொழும்புக்குப் போய், காம்பரா பூட்டிக் கிடந்து ஒரு வருசத்துக்கு மேலாகிறது.

எவ்வளவு நேரம் அந்த மாடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள் என்று அவளுக்குத் தெரியாது. நிரஞ்சன் மேலிருந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அவள் ஏறி வந்து அவனைத் தாண்டிக் கண்டாக்கு ஐயாவிடம் போனாள்.

"ஐயா, இது பிலோமினாக்கா வீடு."

அவர் குழியைப் பார்த்தார். "இதானே மூணாவது காம்பரா."

"எங்களுக்கு மூணாவது அந்தப் பக்கத்துலருந்துங்க."

அவள் கையை நீட்டிய பக்கத்தில் மண்மேடு மட்டும்தான் இருந்தது. ஆனால் அவர் புரிந்துகொண்டார். அதை அவர் முகத்தில் அவள் பார்த்தாள். லயத்து ஆட்கள் காம்பராக்களை எப்போதும் பீலியிலிருந்துதான் எண்ணுவார்கள். காலையில் தண்ணீர் பிடிக்கும் முறை அங்கிருந்துதான் தொடங்கும். முதல் வீடு, இரண்டாவது வீடு என்று குடம் நகரும். பிறந்தவுடனே அந்த எண்ணிக்கைக்குள் வந்துவிடுகிறார்கள். வேறு பக்கத்திலிருந்தும் எண்ணலாம் என்பதே யாருக்கும் தோன்றியதில்லை. தோட்டத்து ஒபீசுக்கு லயம் பாதையிலிருந்து தொடங்குகிறது. சுண்ணாம்பு அடிக்கவும், தகரம் மாற்றவும், ஆள் கணக்கெடுக்கவும் ஜீப் வந்து நிற்கும் முனையிலிருந்துதான் அவர்கள் எண்ணுவார்கள். எத்தனையோ வருசமாக இரண்டு எண்ணிக்கையும் ஒரே சுவர்களுக்குள் ஒன்றையொன்று தொடாமல் இருந்திருக்கின்றன. அவள் மூணாவது என்றாள். அவரும் மூன்றாவது என்றுதான் சொன்னார். ஆட்கள் மழையில் நனைந்து, பூட்டிக் கிடந்த ஒரு வீட்டைத் தரைவரைக்கும் தோண்டி, காலி என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கண்டாக்கு ஐயாவின் குடை மண்ணில் ஒரு சின்னக் குழியைத் தோண்டிக்கொண்டிருந்தது. அவர் மெதுவாகப் பேசினார். அந்த மேட்டில் இப்போது யாரும் கைவைக்க முடியாது, மேலே வெடிப்பு அப்படியே இருக்கிறது, அங்கே மெசின் ஏறினால் தன் வேலை போகும், அனுமதியே கீழ்ப் பக்கத்துக்குத்தான் என்றார். அடுத்த மழைக்காலம் போகட்டும், எழுதிப் போடலாம் என்றார். கடைசியாக, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "இப்ப இவங்க முன்னுக்கு ஒன்னும் பேசாத புள்ள. வேல முடியட்டும். பாப்போம்," என்றார்.

நிரஞ்சன் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டான். அவன் முகத்தில் இருந்த வெளிச்சம் போய்விட்டது. வோக்கி டோக்கி இருமியது. டைரக்டர் கேட்கிறார், ரெடியா என்று. அவன் அதன் பொத்தானை அழுத்தி அழுத்தி விட்டான். "அக்கா, ஏலாட்டி நீங்க போயிருங்க. நான் சொல்லிக்கிறேன்," என்றான். அவள் தலையை ஆட்டினாள். அது சரி என்பதா, மாட்டேன் என்பதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

பனிமூட்டம் இறங்க ஆரம்பித்திருந்தது. படக்காரர்களுக்கு அது கொண்டாட்டம். ஓடியாடி விளக்குகளைத் திருப்பினார்கள். யாரோ பெரிய விசிறியை ஓடவிட்டுக் காகிதச் சாம்பலைத் தூவினார்கள். அது பனியோடு கலந்து மெதுவாக இறங்கியது. பெண்கள் பாதையின் கீழிருந்து நடந்து வர வேண்டும். கையை ஆட்டக் கூடாது, கண்ணை இமைக்கக் கூடாது. அவரவர் கதவுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். சத்தம் கேட்டதும் நடந்தார்கள். ராசம்மா ஒரு கதவுக்கு முன்னால் நின்றாள். வட்டமும் குறுக்குக் கோடும் அவள் கண்ணுக்கு நேராக இருந்தன. இன்னொருத்தி இன்னொரு கதவு. சுதர்ஷினி குழிவரைக்கும் வந்தாள். நிற்கவில்லை.

அவள் சுவர் ஓரமாகவே நடந்தாள். சுவர் முடிந்த பிறகும் நடந்தாள். பீலியிலிருந்து எண்ண முடியாது, பீலி இல்லை. பாதையிலிருந்து எண்ணி வர முடியும், ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து எண்ணி அவளுக்குப் பழக்கமில்லை. அதனால் காலையே நம்பினாள். கூடையோடு இறங்கி வரும் நாட்களில் கண்ணை மூடிக்கொண்டே திரும்பியிருக்கும் கால்கள். இஸ்தோப்பு இங்கே உயரும். இங்கே விறகு. இங்கே பிரேமினி தடுக்கி விழுவாள். மண்மேட்டில் முட்டளவு செடிக்குள் ஓரிடத்தில் கால் தானாக நின்றது. அவள் திரும்பி, கதவு இருக்க வேண்டிய பக்கத்தைப் பார்த்து நின்றாள். அங்கே பனிதான் இருந்தது. காலடியில் மண் மெத்தென்று இருந்தது. அதற்குக் கீழே தகரம், அதற்குக் கீழே பலகை, அதற்கும் கீழே, மாட்டை அவிழ்த்துவிட்ட பிறகு வேறெதற்காகவோ உள்ளே போனவன். எதற்காகப் போயிருப்பான் என்று இத்தனை மாதத்தில் முதல் முறையாக அவள் யோசித்தாள். இதுவரை அவனைத் தலவாக்கலைப் பாதையில்தான் நடக்க விட்டிருந்தாள். லிந்துலையில், வலப்பனையில், தெரியாத ஊர்களின் பஸ் ஸ்டாண்டுகளில் நடக்க விட்டிருந்தாள். அவன் நடக்கவே இல்லை.

எங்கோ தூரத்தில் நிறுத்தச் சொல்லும் சத்தம் கேட்டது. கைதட்டல் கேட்டது. நிரஞ்சன் செடிகளை மிதித்துக்கொண்டு மேலே வந்தான். மூச்சு வாங்கியது.

"அக்கா," என்றான். "அவங்களுக்குத் தெரியாதுக்கா. ரொம்ப நல்லா வந்திருக்காம். யாரும் சொல்லிக் குடுக்காம எப்படிச் செஞ்சாங்கன்னு கேக்குறாரு. அதே மாதிரி இன்னொரு தடவ..."

அவள் அவனைத் திட்டவில்லை. அவன் தோளைக்கூடத் தொடப் போனவள், தன் கையில் இருந்த சாம்பலைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டாள். செருப்பைக் கழற்றி, தான் நின்ற இடத்திலேயே ஜோடியாக வைத்தாள், இடம் தவறிப்போகக் கூடாது என்று. பிறகு வெறுங்காலோடு மேட்டிலிருந்து இறங்கினாள். கண்டாக்கு ஐயா அவள் தன்னிடம்தான் வருகிறாள் என்று நினைத்துக் குடையை எடுத்துக்கொண்டார். அவள் அவரைத் தாண்டிப் போனாள். ராசம்மா கதவைப் பார்த்தபடி நிற்க வேண்டியதை மறந்து திரும்பிப் பார்த்தாள். டைரக்டரின் கூடாரத்துக்கு முன்னால் ஆட்கள் வழிவிட்டார்கள்; அவளுடைய உடம்பில் படாமல், ஒதுங்கி, இரண்டு பக்கமும்.

பெக்கோவை ஏற்றிப்போகும் லொறி கீழே வளைவில் ஏறுவது கேட்டது. ஹஸ்ஸான் இடியப்பத் தாளைக் கசக்கிப் பையில் போட்டுவிட்டு எஞ்சினைப் போட்டிருந்தார். மடங்கியிருந்த இரும்புக் கை ஒருமுறை அதிர்ந்தது. அவள் சக்கரத்துக்கு முன்னால் போய் நின்றாள். மழை தூறத் தொடங்கியிருந்தது. அவள் நெற்றியில் சாம்பல் கரைந்து, கன்னம் வழியாக வெள்ளைக் கோடுகளாக இறங்கியது. அவர் எஞ்சினை அணைக்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கிக் குனிந்து பார்த்தார்.

"அண்ணே," என்றாள். "அந்தா செருப்பு வச்சிருக்கேன் பாருங்க. அந்த எடத்துல ஒருக்கா, மெதுவா, ஒரே ஒருக்கா அள்ளிப் பாருங்கண்ணே."